ஸ்டாப்வாட்சை எடுப்பதற்கு முன்னால்: பணி ஆய்வு குறித்த ஒரு விவாத இழை

கேள்வி (ஒரு வாசகர், 4 ஜூன்)

எங்கள் துளையிடும் பிரிவில் எல்லா ஆபரேட்டர்களுக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுத்தோம். ஒவ்வொரு வேலைக்கும் நிர்ணய நேரம் கணக்கிட்டு இயந்திரத்தின் அருகிலேயே ஒட்டினோம். முதல் சில வாரங்கள் உற்பத்தி ஏறியது. பிறகு பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. இப்போது ஆபரேட்டர்கள் முகம் கொடுத்தும் பேசுவதில்லை. பணி ஆய்வு காலாவதியான முறை, தொழிலாளியைப் பிழிவதற்கு மட்டுமே அது உதவும், கேமராவும் சென்சாரும் வந்துவிட்ட பிறகு அதற்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

4 ஜூன், இரவு

மறுக்கிறேன். நீங்கள் செய்தது பணி ஆய்வின் பின்பாதி மட்டும். முன்பாதி முறை ஆய்வு: ஒரு வேலை இப்போது எப்படி நடக்கிறது, அதில் எது தேவை, எது தேவையில்லை, இதைவிட நல்ல வழி உண்டா என்று பார்ப்பது. பின்பாதி பணி அளவீடு: தேர்ந்தெடுத்த வழியில், பயிற்சி பெற்ற ஒருவருக்கு, நாள் முழுதும் தாங்கக்கூடிய வேகத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பது. முன்பாதியைத் தாண்டிக் குதித்து நேராகக் கடிகாரத்துக்குப் போனால், அந்த வேலையில் உள்ள எல்லாக் குறைகளுக்கும் தசமப் புள்ளியுடன் ஒரு சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். தேவையற்ற நடைக்கும் தேவையற்ற தூக்கலுக்கும் நிர்ணய நேரம் கிடைத்துவிட்டால், நாளை அவற்றை நீக்க வருபவரிடம் "இதற்குத்தான் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதே" என்று அதே தாளைக் காட்டுவார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நேரம் எடுப்பதற்கு முன் அந்த வேலையை யாராவது ஒரு தாளில் படிப்படியாக எழுதினார்களா?

5 ஜூன்

எழுதவில்லை என்று பதில் வந்திருக்கிறது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், சிறிய வார்ப்பு உருப்படி ஒன்றில் நான்கு துளைகள் போடும் இடம் இருந்தது. ஆபரேட்டர் இடப்பக்கத் தொட்டியிலிருந்து உருப்படியை எடுப்பார், மேசையின் ஓரத்தில் இரண்டு முறை தட்டுவார், உருப்படியை அசையாமல் தாங்கும் ஃபிக்சரில் வைப்பார், பிடியை இறுக்குவார், துளையிடுவார். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் இரண்டு கைகளின் அசைவுகளையும் தனித்தனியே எழுதும் இருகை வரைபடத்தை அழகாகத் தயாரித்து, அந்த இரண்டு தட்டல்களைச் சிவப்பு மையால் சுழித்து, "பழக்க தோஷம், நீக்கலாம்" என்று குறித்திருந்தார். ஒரு சுற்றுக்கு மூன்று நொடி மிச்சம் என்று கணக்கும் போட்டிருந்தார்.

அந்த ஆபரேட்டரிடம் ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ஓர் உருப்படியைத் தட்டாமல் எடுத்து வைத்தார். துளையிட்டு எடுத்துக் கொடுத்தார். அளவியில் வைத்துப் பார்த்தால் துளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முந்தைய இயந்திரத்தில் முகப்பைச் சீவும்போது எழும் இரும்புத் துகள் உருப்படியின் உட்குழிவில் தங்கிவிடுகிறது. தட்டாவிட்டால் அது ஃபிக்சரின் அடித்தளத்தில் விழுந்து, உருப்படியைச் சரியாக அமரவிடாமல் தூக்கி நிறுத்துகிறது. இந்த விவரம் எந்த வரைபடத்திலும் இல்லை, எந்த வேலைக் குறிப்பிலும் இல்லை, அவர் கையில் மட்டுமே இருந்தது.

ஆனால் தட்டல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. ஃபிக்சரின் அடித்தளத்தை முழுத்தட்டாக வைக்காமல் மூன்று சிறு மேடைகளாகக் குறைத்து, நடுவில் துகள் விழுந்து வெளியேற ஒரு சரிவும் வெட்டினோம். அதன் பிறகு துகள் இருந்தாலும் உருப்படி சரியாக அமர்ந்தது. தட்டல் தானாகவே நின்றுபோனது. யாரும் தடை செய்யவில்லை.

அசைவை நீக்குவதும், அசைவுக்கான காரணத்தை நீக்குவதும் வெவ்வேறு வேலைகள். கடிகாரம் வைத்திருப்பவருக்கு முதலாவது மட்டுமே கண்ணில் படும்.

5 ஜூன், மாலை

மேலே எழுதியதில் புதுமை ஏதும் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதான், ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. அசைவு ஆய்வின் முன்னோடியான அமெரிக்கர் பிராங்க் கில்பிரெத் செங்கல் கட்டுவதை ஆராய்ந்தபோது, ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுகள் இருந்தன; அவற்றை 5 ஆகக் குறைத்தார். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 120 செங்கல் வைத்த கொத்தனார்கள் 350 வரை வைத்தார்கள் என்பது பலரும் மேற்கோள் காட்டும் கணக்கு. ஆனால் எப்படிக் குறைத்தார் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதே இல்லை. சுவர் உயர உயர மேலேற்றக்கூடிய சாரம் அமைத்து, செங்கல்லும் சாந்தும் எப்போதும் இடுப்பளவில் இருக்குமாறு வைத்தார், குனிவது ஒழிந்தது. செங்கற்களை முன்கூட்டியே பொறுக்கி, நல்ல முகம் ஒரே பக்கம் இருக்குமாறு அடுக்கிக் கொடுக்கச் செய்தார். கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒழிந்தது. சாந்தைச் சரியான பதத்தில் குழைக்கச் செய்தார். கரண்டியின் பிடியால் செங்கல்லைத் தட்டி அமர்த்த வேண்டிய தேவை ஒழிந்தது.

அங்கும் தட்டல்தான், கவனித்தீர்களா? சாந்தைத்தான் மாற்றினார், கொத்தனாரை "தட்டாதே" என்று அதட்டவில்லை.

7 ஜூன்

"கில்பிரெத்தை விடுங்கள், டெய்லர் என்ன செய்தார்?" என்று கேட்டு, நேர ஆய்வின் முன்னோடியான அந்த அமெரிக்கப் பொறியாளர் பெத்லஹேம் இரும்பு ஆலையில் இரும்புப் பாளம் தூக்கவைத்த கதையை ஒருவர் எடுத்து வைத்திருக்கிறார். 1899இல் ஓர் ஆள் நாளுக்கு 12.5 டன் தூக்கிய இடத்தில் 47.5 டன் தூக்கவைத்தார், கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்குத்தான் ஏறியது. இது பிழிவதல்லாமல் வேறென்ன என்பது அவர் வாதம்.

கூலிக் கணக்கில் அவருக்கு என் முழு உடன்பாடு. உழைப்பு நான்கு மடங்கை நெருங்கும்போது ஊதியம் 60 விழுக்காடு ஏறுவதை நியாயம் என்று டெய்லர் வாதிட்டது இன்று படிக்கும்போதும் உறுத்துகிறது. அந்த ஆளை அவர் வருணிக்கும் தொனி அதைவிட உறுத்தும். அந்தக் கதையே அவர் சொன்னபடி நடக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களை வைத்துக் காட்டியும் இருக்கிறார்கள்.

இருந்தாலும் அதே கதையில் பலரும் தாண்டிச் செல்லும் ஒரு வரி உண்டு. ஏறக்குறைய 42 கிலோ எடையுள்ள பாளத்தைச் சுமப்பவர், நாளின் 43 விழுக்காடு நேரம் மட்டுமே சுமையோடு இருக்கலாம், மீதி 57 விழுக்காடு கை காலியாக இருக்க வேண்டும் என்று 1911இல் வெளியான தன் நூலில் டெய்லரே எழுதுகிறார். சுமை குறைந்தால் சுமக்கும் நேரத்தின் பங்கை ஏற்றலாம் என்பது விதி. அதாவது ஓய்வை வேலையின் உள்ளே வைத்துக் கணக்கிட வேண்டும் என்ற கருத்து இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இருந்தது. 47.5 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு 57 என்ற எண்ணை விட்டுவிட்டவர்களால்தான் இந்தத் துறைக்குக் கெட்ட பெயர் வந்தது என்பது என் எண்ணம்.

8 ஜூன்

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஒரு நண்பர் ஒற்றை வரியில் முடித்துவிட்டார். உழுகிறவர் கணக்குப் பார்த்தால்தானே மிஞ்சாது? நாம் கணக்குப் பார்ப்பவர்களையே தனியாக வேலைக்கு வைத்திருக்கிறோம். அவர்களுக்கு எப்போதும் மிஞ்சுகிறது.

9 ஜூன்

கேள்வி கேட்டவர் தன் நேர ஆய்வுத் தாளைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார். கவனித்த நேரத்தின் சராசரி 0.60 நிமிடம், ரேட்டிங் (வழக்கமான வேகத்தை 100 என்று வைத்து, ஆபரேட்டரின் வேகத்துக்கு ஆய்வாளர் போடும் மதிப்பெண்) 95, ஒதுக்கீடு (ஓய்வுக்கும் சொந்தத் தேவைக்கும் சேர்க்கும் நேரம்) 12 விழுக்காடு. ஒரு ஷிப்டுக்கு 480 நிமிடம், டார்கெட் 750 உருப்படி.

கணக்கு சரி. கவனித்த நேரத்தை ரேட்டிங்கால் பெருக்கி நூறால் வகுத்தால் அடிப்படை நேரம் 0.57 நிமிடம், அதோடு 12 விழுக்காடு சேர்த்தால் 0.64; 480ஐ அதனால் வகுத்தால் 750. இனி அந்த ரேட்டிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே ஆபரேட்டரை, அதே சுற்றுகளை, வேறொருவர் பார்த்து, "இவர் கொஞ்சம் மெதுவாகவே செய்கிறார், 85 போதும்" என்று எழுதியிருந்தால் டார்கெட் 840 ஆகியிருக்கும். தாளில் ஒருவர் போட்ட ஒரு மதிப்பெண்ணுக்கு 90 உருப்படி வித்தியாசம். இதைத்தான் இயந்திரத்தில் ஒட்டிவைத்து, அறிவியல் என்று சொல்லி, ஆபரேட்டரிடம் காட்டுகிறோம்.

ரேட்டிங் வெறும் ஊகம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதற்கென்று உரைகற்கள் உண்டு. தடையில்லாத சமதரையில், சுமை இல்லாமல் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது 100. சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளை நான்கு பங்காக 0.375 நிமிடத்தில் போடுவது 100. இவற்றைப் பலமுறை பார்த்து, படமெடுத்த வேலைகளை மதிப்பிட்டு, தன் கணிப்பை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பழகியவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கியே மதிப்பிடுவார்கள். பழகாதவர் போடும் ரேட்டிங்கில் அவரவர் மனநிலையும் கலந்துவிடும். உங்கள் ஆலையில் ரேட்டிங் போட்டவர் அப்படிப் பழகியவரா என்பதைச் சொல்லுங்கள்.

ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பணி ஆய்வு நூலில் எடுத்துக்காட்டாக உள்ள பட்டியலின்படி, ஆண்களுக்குச் சொந்தத் தேவைகளுக்காக 5 விழுக்காடும் அடிப்படைக் களைப்புக்காக 4 விழுக்காடும் மாறாத பகுதி. நின்றுகொண்டே செய்வதற்கு 2, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்புக்கு 1 என்று கூட்டினால் உங்கள் 12 வருகிறது. அங்கே சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஒன்றும் சேர்க்கவில்லை. துளையிடும் பிரிவு அவ்வளவு அமைதியான இடமா?

11 ஜூன்

ரேட்டிங் என்ற தலைவலியே வேண்டாம், எம்.டி.எம். போதுமே என்கிறார் ஒருவர். அறியாதவர்களுக்காக: கை நீட்டுவது, பற்றுவது, நகர்த்துவது, பொருத்துவது, விடுவது என்று வேலையை மிகச் சிறிய அசைவுகளாகப் பிரித்து, தொலைவையும் எடையையும் பொருத்தத்தின் கடினத்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையிலிருந்து நேரத்தை எடுக்கும் முறை அது. 1948இல் வெளியானது. அதன் அலகு டி.எம்.யூ., ஒரு மணி நேரத்தின் லட்சத்தில் ஒரு பங்கு, 0.036 நொடி. ரேட்டிங் போடத் தேவையில்லை, ஏனெனில் அட்டவணை உருவாக்கப்பட்டபோதே அது உள்ளே சேர்ந்துவிட்டது.

நல்ல முறை. குறிப்பாக, இன்னும் தொடங்காத வேலைக்குக் காகிதத்திலேயே நேரம் கணிக்க இதைவிடச் சிறந்த வழி நான் அறிந்தவரை இல்லை. ஆனால் இதன் பெரிய பயன் நேரத்தில் இல்லை. அசைவுகளை ஒவ்வொன்றாக எழுதும்போது, "ஏன் இவ்வளவு தூரம் கை நீட்டுகிறார்?" என்ற கேள்வி எழுதுபவருக்குத் தானாகவே எழும். முன்பாதியை வற்புறுத்திச் செய்யவைக்கும் பின்பாதி என்று சொல்லலாம். செலவு என்னவென்றால், ஒரு நிமிட வேலையை முழுதாக அலச மணிக்கணக்காகும். அதனால் ஆண்டு முழுதும் ஓடும் உருப்படிக்கு ஏற்றது, மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் உருப்படிக்குக் கட்டுப்படியாகாது.

12 ஜூன்

வேலையைப் படிப்படியாக எழுதுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு. ஐந்து குறிகள் போதும். செயலுக்கு வட்டம், நகர்த்தலுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், காத்திருப்புக்குப் பெரிய ஆங்கில டி எழுத்தின் வடிவம், சேமிப்புக்குத் தலைகீழ் முக்கோணம். ஓர் உருப்படியின் பின்னாலேயே நடந்து, அதற்கு நேர்வதை எல்லாம் இந்தக் குறிகளால் வரிசையாக எழுத வேண்டும். மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. நினைவில் அம்புகளும் காத்திருப்புகளும் நிற்காது, வட்டங்கள் மட்டுமே நிற்கும். நான் பார்த்த எந்தத் தொழிற்கூடத்திலும் முதல்முறை எழுதிய தாளில் வட்டங்கள் சிறுபான்மையாகவே இருந்தன.

எழுதி முடித்த பிறகு கேள்விகள். என்ன செய்யப்படுகிறது, ஏன்? எங்கே, ஏன் அங்கே? எப்போது, ஏன் அப்போது? யார், ஏன் அவர்? எப்படி, ஏன் அப்படி? இந்த வரிசை முக்கியம். "என்ன, ஏன்" என்பதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்தப் படியையே நீக்கலாம். மற்ற கேள்விகளுக்கு வேலையே இல்லை. பெரும்பாலோர் கடைசிக் கேள்வியான "எப்படி"யிலிருந்து தொடங்குகிறார்கள். இருக்கத் தேவையில்லாத ஒரு சோதனையை எப்படி வேகமாகச் செய்வது என்று கருவி வாங்கும் வரை போய்விடுகிறார்கள்.

நடை அதிகமுள்ள இடங்களுக்கு நூல் வரைபடம் உண்டு. பிரிவின் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் ஊசி குத்தி, ஒருவர் போன வழியெல்லாம் நூலைச் சுற்றிக்கொண்டே வருவது. முடிவில் நூலை அளந்தால் நடந்த தூரம் தெரியும். தூரத்தைவிட அந்தப் பலகையின் தோற்றம்தான் பேசும். ஒருமுறை அளவி வைத்திருக்கும் அலமாரிக்கும் ஒரே ஓர் இயந்திரத்துக்கும் இடையில் நூல் கயிறுபோலத் தடித்துவிட்டது. பார்த்த மேலாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் அன்றே இரண்டாவது அளவி வாங்கக் கையெழுத்துப் போட்டார். அதே தகவலை அறிக்கையாக எழுதியிருந்தால் அது இன்னும் மேசையில்தான் இருக்கும்.

15 ஜூன்

கேள்வி கேட்டவர் பாராட்டுக்குரியவர். உருப்படியின் பின்னாலேயே நடந்து எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த விவரத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது துளையிடும் இடமே அல்ல, அதற்கு அடுத்த கழுவும் இயந்திரம். ஒரு கூடைக்கு 40 உருப்படி. ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். 480 நிமிடத்தில் 13 சுற்று, அதாவது 520 உருப்படி. துளையிடும் இடத்தின் டார்கெட்டோ 750.

இப்போது உங்கள் கதை விளங்குகிறது. ஆபரேட்டர் முழு வேகத்தில் வேலை செய்தால் ஒவ்வொரு ஷிப்டும் 230 உருப்படி கழுவுமிடத்துக்கு முன்னால் குவியும். குவியல் வளர்ந்து, வைக்க இடமில்லாமல் போகும்போது சூப்பர்வைசரே வந்து "கொஞ்சம் நிறுத்தி ஓட்டு" என்று சொல்லியிருப்பார். எண்ணிக்கை பழைய அளவுக்கு இறங்கியதற்கு ஆபரேட்டரின் மனநிலை காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லைன் அவ்வளவுதான் தாங்கும். ஒரு லைனின் உற்பத்தியை அதன் மிக மெதுவான இடமே தீர்மானிக்கிறது. மற்ற எந்த இடத்தை வேகப்படுத்தினாலும் கிடைப்பது குவியல் மட்டும். எதை ஆராய்வது என்று தேர்ந்தெடுப்பதை முறை ஆய்வின் முதல் படியாக வைத்திருப்பது இதனால்தான். அந்தப் படிக்கு ஒரு நாள் செலவிட்டிருந்தால் துளையிடும் பிரிவில் கடிகாரமே எடுத்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. அந்த 36 நிமிடத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் கழுவுகிறது, எவ்வளவு நேரம் கூடையில் உருப்படிகளை அடுக்கவும் எடுக்கவும் இயந்திரம் திறந்தபடி நிற்கிறது?

16 ஜூன்

அவர் பதில் வருவதற்குள், நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டியிருக்கிறது. "மனநிலை காரணமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை" என்றேன். அதனால் மனநிலைக்குப் பங்கே இல்லை என்று ஆகாது. முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார்.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் கம்பி இணைக்கும் குழு ஒன்றின் 14 பேரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழு ஊக்கத்தொகை இருந்தது. கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம். ஆனாலும் அவர்களுக்குள் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று எழுதப்படாத அளவு இருந்தது. அதைத் தாண்டியவருக்குக் கேலியும் தோளில் ஒரு குத்தும் கிடைத்தன. காரணம் சோம்பல் அல்ல. அதிகம் செய்து காட்டினால் நாளை கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஆளைக் குறைப்பார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். விகிதம் குறைக்கப்பட்ட ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்தைக் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியாது.

கடிகாரத்தைத் தொழிலாளர் எதிர்கொண்ட வேறொரு விதமும் பதிவில் உள்ளது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்ச் ஆய்வை எதிர்த்து வெளியேறினார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போய், அரசுத் தளவாட ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குப் பணம் செலவிடக் கூடாது என்ற தடையாக 1915இல் முடிந்தது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது. தங்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அளந்ததே அந்தத் தொழிலாளர்களின் முதன்மையான குறை என்று நான் படித்துப் புரிந்துகொண்டேன்.

ஆகவே என் நடைமுறை இது. ஆய்வால் மிச்சமாகும் நேரத்துக்காக ஒருவரும் வேலை இழக்க மாட்டார் என்ற எழுத்துமூல உறுதி நிர்வாகத்திடமிருந்து வராமல் நான் கடிகாரத்தை எடுப்பதில்லை. அந்த உறுதி மறுக்கப்பட்ட இடமும் உண்டு. அங்கே ஆட்கள் நடக்கும் வழியை ஆராய்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

19 ஜூன்

கேமரா, சென்சார் பற்றி இதுவரை நான் பேசவில்லை என்று நினைவூட்டுகிறார்கள். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சுற்று நேரத்தையும் நின்ற நேரத்தையும் மனிதரைவிட ஒழுங்காகப் பதிவு செய்யும். ஒரே அசைவைப் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம். கில்பிரெத் தம்பதியினர் 1912இலேயே திரைப்படக் கேமராவை வேலை அசைவுகளை ஆராயப் பயன்படுத்தினார்கள், எனவே கேமராவையும் பணி ஆய்வையும் எதிரெதிர் அணியில் நிறுத்துவதற்கே இடமில்லை.

ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு தட்டல்களைச் சென்சார் என்னவென்று பதிவு செய்யும்? மூன்று நொடி என்று. ஏன் என்று அதற்குத் தெரியாது. ஆபரேட்டரிடம் கேட்க ஒருவர் போயே ஆக வேண்டும்.

செலவில்லாத இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், இதை நம் ஆலைகளில் அநியாயத்துக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். டிப்பெட் என்ற புள்ளியியலாளர் பிரிட்டனின் பருத்தி ஆலைகளுக்காக 1930களில் உருவாக்கியது. நாள் முழுதும் நின்று அளக்காமல், முன்கூட்டித் தீர்மானித்த தற்செயலான நேரங்களில் பிரிவைச் சுற்றி வந்து, பார்க்கும் அந்தக் கணத்தில் இயந்திரம் ஓடுகிறதா, நிற்கிறதா, நின்றால் எதற்காக என்று ஒரு கோடு போடுவது. போதுமான கோடுகள் சேர்ந்தால், நாளில் எத்தனை விழுக்காடு எதற்குப் போகிறது என்று வந்துவிடும். இயந்திரம் ஏறக்குறைய நாளின் கால் பங்கு நிற்கிறது, அதை 5 புள்ளி முன்பின்னாக, 95 விழுக்காடு உறுதியுடன் அறிய வேண்டும் என்றால் 300 கவனிப்புகள் போதும். பிழையைப் பாதியாக்கி 2.5 புள்ளி வேண்டும் என்றால் 600 போதாது, 1200 வேண்டும். நிர்வாகம் "இன்னும் துல்லியமாக" என்று கேட்கும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கேட்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

நேரங்கள் தற்செயலாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் சரியாகச் சுற்றி வந்தால், அந்த மணிக்குச் சரியாக எல்லா இயந்திரங்களும் ஓடும். முதல் சில சுற்றுகளை எப்படியும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தாளும் பலகையுமாக நடப்பவரைப் பழகும்வரை எல்லோருமே கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் இருப்பார்கள். நானும் என் மேலாளர் வரும்போது அப்படித்தான்.

20 ஜூன்

அலுவலக வேலைக்கும் இது பொருந்துமா என்று ஒரு கேள்வி. பொருந்தும். ஒரு கோப்பின் பின்னால் நடந்து ஐந்து குறிகளால் எழுதிப் பாருங்கள். வட்டத்தைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும்.

23 ஜூன்

பதில் வந்துவிட்டது. 36 நிமிடத்தில் 28 நிமிடம் கழுவுகிறது. மீதி 8 நிமிடம் ஒரே கூடையை வெளியே எடுத்துக் காலி செய்து, மீண்டும் அடுக்கி, உள்ளே வைப்பதற்குப் போகிறது. அந்த 8 நிமிடமும் இயந்திரம் திறந்தபடி நிற்கிறது.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ இந்த இடத்துக்கென்றே எழுதியதைப்போல ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார். அடுத்த சுற்றுக்குத் தயார் செய்யும் அமைப்பு வேலையில், இயந்திரம் நின்றால் மட்டுமே செய்யக்கூடியது ஒரு வகை; ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியில் செய்யக்கூடியது இன்னொரு வகை. இரண்டையும் பிரித்து, முதல் வகையிலிருந்து முடிந்ததை எல்லாம் இரண்டாவதுக்குத் தள்ள வேண்டும். டொயோட்டாவின் 1000 டன் அழுத்த இயந்திரத்தில் நான்கு மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தது இந்த வழியில்தான்.

உங்களுக்கு அந்தப் பெரிய இயந்திரம் தேவையில்லை. இரண்டாவது கூடை ஒன்று போதும். ஒரு கூடை உள்ளே கழுவப்படும்போது மற்றதை வெளியில் அடுக்கலாம். கூடை மாற்ற ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் சுற்று 29 நிமிடம், 480இல் 16 சுற்று, 640 உருப்படி. 520இலிருந்து 640. எந்த ஆபரேட்டரின் கையையும் ஒரு நொடிகூட அவசரப்படுத்தவில்லை. அடுக்குவதற்கு ஆள் வேண்டுமே என்பீர்கள். துளையிடும் ஆபரேட்டருக்கு இப்போது குவியல் குறையக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது, ஆனால் அதை அவரிடம் ஏவுவதாக இல்லாமல் அவரோடு பேசித் தீர்மானியுங்கள்.

26 ஜூன்

இரண்டாவது கூடைக்கு உத்தரவு போட்டாயிற்றாம். அது வந்து சேரும்வரை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இயந்திரங்களில் ஒட்டிய டார்கெட் தாள்களைக் கழற்றிவிடுங்கள். முறை மாறப்போகிறது, பழைய முறைக்கான நேரம் அதன் பிறகு யாருக்கும் பொருந்தாது. புதிய முறையை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: கூடை எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது அடுக்குகிறார், ஒரு வரிசையில் எத்தனை, எந்த முகம் கீழே. ஆபரேட்டர்களும் சூப்பர்வைசரும் அதைப் படித்து ஒப்புக்கொள்ளட்டும். கைகள் அதற்குப் பழகிய பிறகு, ரேட்டிங்கில் பழகிய ஒருவரைக் கொண்டு நேரம் எடுங்கள். நிர்ணய நேரத் தாளின் தலைப்பில் அது எந்த முறைக்கு உரியது என்பதும் அந்த முறைத் தாளின் தேதியும் இருக்க வேண்டும். கூடையின் அளவோ, உருப்படியின் வார்ப்போ, கழுவும் திரவமோ மாறினால் அந்த நேரம் செல்லாது என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள். மூன்றும் மாறாமல் யாராவது நேரத்தை மட்டும் குறைக்க வந்தால், மறுப்பதற்கு ஆபரேட்டரின் கையில் இருக்கும் ஆதாரம் அந்த வரிதான்.